சித்தூர் வெயிலில் மைனஸ் பதினான்கு

காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும்போது காலை ஒன்பது மணி. ஜூன் பிறந்து மூன்று வாரம் ஆகியும் வெயிலுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. பிளாட்பாரத்தில் நாலு எட்டு வைப்பதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தோளில் மடிக்கணினிப் பை, கையில் கருவிப் பெட்டி. சித்தூர்ப் பக்கம் போகிறவர்கள் காணிப்பாக்கத்துப் பிள்ளையாரைப் பார்க்கப் போவார்கள், இல்லையென்றால் திருப்பதிப் பெருமாளைப் பார்க்கப் போவார்கள். நான் மட்டும் "குளிர் தாங்கவில்லை" என்று நின்றுவிட்ட ஒரு பெட்டியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆலைகளில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு மின்னணுப் பெட்டி இருக்கும். டிரைவ் என்போம். அது நின்றால் மோட்டார் நிற்கும், மோட்டார் நின்றால் ஆலை நிற்கும், ஆலை நின்றால் அம்பத்தூரில் இருக்கிற எனக்குப் போன் வரும். இத்தனை வருடமாக இதுதான் என் பிழைப்பு. சூடாகி நின்ற டிரைவ், தூசி அடைத்து நின்ற டிரைவ், எலி குடித்தனம் நடத்திய டிரைவ் எல்லாம் பார்த்தாயிற்று. குளிரில் நின்ற டிரைவைப் பார்த்ததில்லை. கையேட்டில் அந்த ஃபால்ட்டுக்கு ஒரு பக்கம் உண்டு. பனி பெய்கிற தேசத்துக்காரர்கள் படித்துக்கொள்ளட்டும் என்று நான் தாண்டிவிடுகிற பக்கம் அது. முந்தின நாள் மாலை சித்தூர் மாம்பழக் கூழ் ஆலையிலிருந்து பேசியவர் ஃபால்ட் எண்ணைச் சொன்னதும், "சரியாப் பார்த்துச் சொல்லுங்க சார்" என்று அதட்டினேன். திரும்பத் திரும்பப் பார்த்தார். அதே எண்தான்.

ஸ்டேஷன் வாசலிலேயே ஆந்திரா பஸ் கிடைத்தது. சித்தூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். எல்லைச் சாவடி தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறியது, பேச்சு மாறவில்லை. கண்டக்டர் தெலுங்கில் கேட்டார், பயணிகள் தமிழில் சொன்னார்கள், சில்லறையை இரண்டு பாஷையிலும் எண்ணிக்கொண்டார்கள். குடிபாலாவில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மடியில் நாலடுக்கு டிபன் கேரியர். உட்கார்ந்ததும் என் பெட்டியைக் காலால் தள்ளிப் பார்த்தாள், அது அசையவில்லை.

"இன்னாக்கா இது, கல்லு கணக்கா கீது?"

"மிஷின் ரிப்பேர் பண்ற சாமான்."

"நீயா ரிப்பேர் பண்ணுவ?" மேலும் கீழும் பார்த்தாள். "எந்த மிஷினு?"

மாம்பழ ஆலையில் ஒன்று நின்றுவிட்டது என்று சொல்லி வாய் மூடவில்லை, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "ரோட்டு மேல கீதே, அந்த ஃபேக்டரியா? ஐயோ அக்கா, எங்க ஊட்டுக்காரரு டிராக்டரோட அங்கதான் நிக்கிறாரு, முந்தாநேத்துலருந்து! நான் சோறு எடுத்துக்கினு போறேன்."

அவள் பெயர் தனம்மா. வண்டியில் இருப்பது தோத்தாபுரி. எங்கள் பக்கம் கிளிமூக்கு என்போமே, அந்தப் பழம். ஒரு வருடத்து மகசூல் முழுக்க அந்த ஒரே டிரெய்லரில் ஏற்றி வந்திருக்கிறார்கள். வேறு ஆலைக்குக் கொண்டு போகக் கூடாதா என்று கேட்டேன்.

"எல்லா எடத்துலயும் லைனுதான். இத்த உட்டுட்டுப் போனா இருக்கிற எடமும் பூடும்." கேரியரை மடியில் இறுக்கிக்கொண்டாள். "மரத்துலருந்து இறக்கசொல்லவே பழுத்துகினு இருந்துச்சு. இன்னிக்கு உள்ள போனா முழுசும் தப்பிக்கும். நாளைக்குன்னா பாதி. அப்புறம் பன்னிதான் துன்னும். நீ சரி பண்ணிடுவ இல்ல?"

"பண்ணிடலாம்மா" என்று சொல்லிவிட்டேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சித்தூர் ஊருக்குள் நுழையும் முன்பே ஆலை வந்துவிடுகிறது. இரண்டு பேரும் ஒன்றாக இறங்கினோம். ரோட்டோரம் டிராக்டர்கள் வால் நீண்டு நின்றன. டிரெய்லர்களின் மேல் வேப்பங்கொத்தும் ஈரச் சாக்கும் போட்டிருந்தார்கள். சக்கரத்து நிழலில் ஆட்கள் படுத்திருந்தார்கள். இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசனை, அதோடு ஈ. தனம்மாவின் வீட்டுக்காரர் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, கேரியரை வாங்காமல் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் இன்னும் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லையே!

பராமரிப்பு இன்சார்ஜ் முனிரத்னம் கேட்டிலேயே காத்திருந்தார். ஐம்பது வயது, நெற்றியில் குங்குமம், கையில் ஒரு சொம்பு மோர்.

"ரண்டி மேடம், வாங்க! மொதல்ல மஜ்ஜிக குடிங்க. மிஷின் எங்கயும் ஓடிப் போவாது, அதான் நின்னு போச்சே!"

தானே சொல்லித் தானே சிரித்தார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. ஆலைக்குள் கொதிகலன் சூடும் வெளி வெயிலும் சேர்ந்து அடுப்படி மாதிரி இருந்தது. டிரைவ் இருக்கிற இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட சின்ன அறை. அதில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார். நாற்காலியின் முதுகுப் பக்கம் வெள்ளி நிறத்தில் மடிப்பு மடிப்பான ஒரு பெரிய குழாய் வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதிலிருந்து வந்த காற்று கழுத்தில் பட்டதும் மெய் சிலிர்த்தது.

"அடேயப்பா, என்ன சார் ஏ.சி. இது!"

"உங்களுக்காகத்தான் மேடம். நம்ம ஊருக்கு வந்தவங்க வேர்த்து வடிஞ்சா நமக்குத்தானே மரியாதை கொறைவு."

பெருந்தன்மைக்கு நன்றி சொல்லி, இரண்டு நிமிடம் கண்ணை மூடி அனுபவித்துவிட்டு, வேலைக்கு எழுந்தேன்.

பழத்திலிருந்து தோலையும் கொட்டையையும் பிரித்துக் கூழாக்குகிற மோட்டாருக்கான டிரைவ் அது. உள்ளே சூட்டை வாங்கி வெளியே விடுவதற்கு ஓர் அலுமினியத் தகடு இருக்கும். அந்தத் தகட்டின் வெப்பத்தை ஒரு சென்சார் அளந்துகொண்டே இருக்கும். சூடு ஏறினாலும் டிரைவ் நிற்கும். பூஜ்யத்துக்குக் கீழே ரொம்ப இறங்கிவிட்டாலும் நிற்கும். நான் பார்க்கும்போது திரை முப்பத்தொன்பது டிகிரி காட்டியது. என் கையிலிருந்த அளவியும் அதையேதான் சொன்னது. பழைய ஃபால்ட்டுகளின் பதிவைத் திறந்தேன். மைனஸ் பதினொன்று. மைனஸ் பதினான்கு. மைனஸ் பன்னிரண்டு.

"சித்தூர்லயா?" என்றேன்.

"காஷ்மீருக்கு டிரான்ஸ்ஃபர் கேக்குது போல" என்றார் முனிரத்னம். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் குழப்பம் ஆரம்பித்தது. இந்த மாதிரி சமயத்தில் யாராக இருந்தாலும் முதலில் சென்சாரைத்தான் சந்தேகிப்பார்கள். அதன் வயர் அறுந்து போனால், டிரைவ் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் அறுந்த வயர் எப்போதும் ஒரே பொய்யைத்தான் சொல்லும், அடிமட்டத்து எண் ஒன்றைக் காட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். இது தினுசு தினுசாகச் சொல்லியிருக்கிறது. சரி, வயர் அறாமல் ஆடிக்கொண்டிருக்கிறதோ என்று தட்டிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். முப்பத்தொன்பதிலிருந்து அது அசையவில்லை. ஐஸ் கிடைக்குமா என்று கேட்டேன். "பழத்துண்டு வைக்கிற ஃப்ரீஸர் ரூமே இருக்கு மேடம், எத்தனை மூட்டை வேணும்?" என்றார் முனிரத்னம். ஐஸைப் பையில் கட்டித் தகட்டில் வைத்தேன். எண் இறங்கியது. எடுத்தேன், ஏறியது. பொய் சொல்கிற சென்சார் இப்படி நடந்துகொள்ளாது. அப்படியானால் அது யோக்கியமான சென்சார். அப்படியானால் மைனஸ் பதினான்கு? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது எனக்கு.

முனிரத்னம் இன்னொரு விவரமும் சொன்னார். ஓடுகிறபோது டிரைவ் நிற்பதில்லை. சில மணிக்கு ஒரு தடவை கூழ் ஓடுகிற குழாய்களைக் கழுவுவதற்காக ஆலையை நிறுத்துவார்கள். கழுவி முடித்து மறுபடி ஓட்டப் போனால்தான் முரண்டு பிடிக்கிறது. "அப்ப இப்பவே கழுவுங்க, பார்க்கலாம்" என்றேன். கழுவினார்கள். நான் கண்ணாடி அறையில் அந்த அருமையான காற்றில் உட்கார்ந்து காத்திருந்தேன். பிறகு ஓட்டினார்கள். முதல் தடவையிலேயே மோட்டார் சமர்த்தாகக் கிளம்பியது. நிறுத்தி ஓட்டினோம், மறுபடி நிறுத்தி ஓட்டினோம். ஒரு குறையும் இல்லை.

ரோட்டில் ஒரு கூச்சல் கேட்டது. சண்டையோ என்று எட்டிப் பார்த்தால், லைன் நகர ஆரம்பித்த சந்தோஷம். எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. காரணம் தெரியாமல் சரியாகிற கோளாறு, சொல்லாமல் வருகிற விருந்தாளி மாதிரி, எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரும். மனசுக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்று, நல்ல சென்சாரைக் கழற்றிவிட்டுப் புது சென்சாரும் வயரும் மாட்டினேன். "பழசு அப்பப்ப பொய் சொல்லியிருக்கு சார்" என்று முனிரத்னத்திடம் சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. அவருக்கு முழு நம்பிக்கை.

மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். மறுநாள் காலை தடா பக்கத்து ஆலை ஒன்றில் வேலை இருந்ததால் ராத்தங்கல் திருப்பதியில். தனம்மாவின் வண்டி பாதி தூரம் நகர்ந்திருந்தது. "ராத்திரிக்குள்ள உள்ள பூடுவோம்க்கா!" என்று டிரெய்லர் மேல் நின்று கையை ஆட்டினாள்.

திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர். ஷேர் காரில் ஆளுக்கு இருநூறு. ஓட்டியவர் பாஷா. முன் சீட்டில் உட்கார்ந்து நான் எனக்கு நானே பேசிக்கொண்டு வந்ததைக் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன்.

"என் வண்டியும் அப்படித்தான் மேடம். வழியெல்லாம் கடமுடான்னு சத்தம் போடும். மெக்கானிக் ஷெட்டாண்ட போய் நிறுத்தினா கப்சிப். நீங்க வந்தா ஓடுது, அவ்ளோதான்."

"நான் வந்தா ஏன் ஓடணும்?"

"அத்த நீங்கதான் கண்டுபிடிக்கணும்" என்றார். வலது பக்கம் சந்திரகிரிக் கோட்டை மலை சிவந்து கிடந்தது. ஏழு மலையும் கண்ணில் பட்டதும் பின் சீட்டிலிருந்தவர்கள் கோவிந்தா போட்டார்கள். நான் கையைக் கூப்பிக்கொண்டே சென்சாரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருப்பதியில் லாட்ஜ்காரர் என் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சிங்கிள்கி ரூம் லேது அம்மா" என்றார். தனி ஆளுக்கு அறை கிடையாதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நான் என்ன, அறைக்காக ஒரு குடும்பத்தை வாடகைக்குப் பிடிச்சு வரட்டுமா?" என்று தமிழில் கத்தினேன். மொட்டை போட்டு சந்தனம் பூசியிருந்த ஒரு குடும்பம் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தது. பாஷாதான் யாரிடமோ போனில் பேசி, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை வாங்கிக் கொடுத்தார். அந்த ஊரில் ஒற்றை ஆள் என்றால் சந்தேகம்தான் முதலில் வருகிறது. அது பெண் என்றால் இரட்டிப்பு.

விடிந்தும் விடியாமலும் போன் அடித்தது. முனிரத்னம். குரல் உள்ளே போயிருந்தது.

"மேடம்... மறுபடியும். கழுவிட்டு ஓட்டினோம். மைனஸ் பதினாலு."

"புது சென்சாரா பதினாலு காட்டுது?"

"ஆமா மேடம்."

பின்னால் இன்னொரு குரல் போனைப் பிடுங்கியது. தனம்மா. "அக்கா, எங்களுக்கு முன்னால நாலு வண்டிதான். நாலே நாலு வண்டி! அடியில ஒழுக ஆரம்பிச்சுடுச்சுக்கா. நீ எங்க கீற?"

அலுவலகத்துக்குப் பேசினேன். திரும்பிப் போக வேண்டாம், புது டிரைவே அனுப்பிவிடலாம், ஐந்து நாளில் வந்துவிடும் என்றார்கள். ஐந்து நாள்! ஐந்து நாளில் அந்த ரோட்டில் பழம் இருக்காது, ஈ மட்டும்தான் இருக்கும். தடா வேலையைத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வழி நெடுக தலையைப் பிய்த்துக்கொண்டேன். சென்சார் நல்லது. வயர் நல்லது. ஐஸ் வைத்தால் சரியாக இறங்குகிறது. நான் இருந்தால் ஓடுகிறது, நான் போனால் நிற்கிறது. பெருமாளே, என்மேல் அதற்கு அப்படி என்ன பிரியம்?

ஆலை வாசலில் கேட்டை மறித்துக்கொண்டு விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே விடச் சொல்லி ஒரே கூப்பாடு. நான் வந்தது யாருக்கும் தெரியவில்லை. தனம்மா மட்டும் என்னைப் பார்த்துவிட்டாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மதிலோரமாக ஓடி, விறகு இறக்குகிற சின்னக் கதவு வழியாக உள்ளே தள்ளினாள். மோர்ச் சொம்பு இல்லை, வரவேற்பு இல்லை. நேரே டிரைவ் இருக்கிற அலமாரிக்குப் போனேன். கண்ணாடி அறையில் என் நாற்காலி காலியாக இருந்தது. அதன் பின்னால் நேற்றிருந்த வெள்ளிக் குழாயைக் காணோம்.

அலமாரிக் கதவைத் திறந்தேன்.

வெண்புகை உருண்டு வந்து என் கால்மேல் விழுந்தது. தீ என்று நினைத்துப் பின்னால் குதித்தேன். சூடு இல்லை. சில்லென்று இருந்தது. தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுத்ததும் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து குருடாகிப் போனேன். துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அலுமினியத் தகட்டின் மேல் உறைபனி, தேங்காய்த் துருவல் தூவின மாதிரி. நேற்று நான் எட்டிப் பார்க்காத அலமாரி முதுகில் ஓட்டை போட்டு, அதற்குள் வெள்ளிக் குழாயைச் செருகியிருந்தார்கள். அதன் மறுமுனை சுவரைத் துளைத்து ஃப்ரீஸர் அறைக்குள் போயிற்று.

முனிரத்னம் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மேடம்! வர்றேன்னு ஒரு போன் பண்ணக் கூடாதா? உங்களுக்குக் காத்தைத் திருப்பி வச்சிருப்பேனே!"

எனக்குச் சில நொடி ஒன்றுமே ஓடவில்லை. பிறகு அவர் சொல்லச் சொல்ல எல்லாம் சேர்ந்து ஓடியது. இரண்டு வாரம் முன்பு அலமாரியின் மின்விசிறி கெட்டு, டிரைவ் சூட்டில் நின்றிருக்கிறது. சீசன் நேரம். யோசனைக்கார மனிதர் ஃப்ரீஸர் குளிரையே குழாய் போட்டுக் கொண்டு வந்துவிட்டார். ஓடுகிறவரைக்கும் டிரைவின் சொந்தச் சூடு குளிரைச் சமாளித்தது. கழுவுவதற்கு நிறுத்தியதும் குளிர் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஃபால்ட் வந்ததும் இவர் என்ன செய்தார்? குளிரை இன்னும் கூட்டினார்.

"டெம்பரேச்சர் ஃபால்ட்னு காட்டுச்சு மேடம். சித்தூர்ல டெம்பரேச்சர்னா சூடுதானே?"

"நேத்து குளிர் ஃபால்ட்னு சொன்னேனே சார்!"

"சொன்னீங்க. சென்சார் பொய் சொல்லுதுன்னும் நீங்கதானே சொன்னீங்க?"

நேற்று முழுக்க அந்தக் குழாயைப் பிடுங்கி என் முதுகுக்கு வைத்திருக்கிறார். விருந்தாளிக்குக் குளிர், டிரைவுக்குச் சித்தூர் வெயில். அலமாரிக் கதவை நான் திறந்தே வைத்திருந்ததால் விசிறி இல்லாத சூடும் ஏறவில்லை. அதனால் அது ஓடியது. நான் போனதும் குழாய் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. மரியாதையால் மறைந்துபோன கோளாறை நான் எந்தக் கையேட்டில் தேடுவேன்? அவர்மேல் ஆத்திரம் வந்தது, உடனே சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னால் வெட்கம் வந்தது. பெட்டி ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. குளிருது, குளிருது என்று. இந்த வெயிலில் குளிருமா என்று அவரும் நம்பவில்லை, அவருக்கு மேலே படித்த நானும் நம்பவில்லை.

குழாயைப் பிடுங்கி எறிந்தேன். "அப்ப ஓட்டிடலாமா மேடம்?" என்றார்.

ஓட்ட முடியாது. அதுதான் கொடுமை. உறைபனி உருகி, உள்ளே எல்லாம் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. அந்த ஈரத்தில் மின்சாரம் கொடுத்தால் டிரைவ் வெடித்துப் போகும், அப்புறம் ஐந்து நாள் காத்திருக்க வேண்டியதுதான். மெயினை அணைத்து மூடியைக் கழற்றினேன். இரண்டு மின்விசிறியை எதிரே வைத்தேன். டப்பாவில் லேபிள் ஒட்டுகிற இடத்திலிருந்து சூடான காற்று ஊதுகிற கருவியைக் கொண்டுவரச் செய்து, தள்ளிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதினேன். கெட்ட விசிறிக்குப் பதில் புதியது வாங்க ஊருக்குள் ஆள் போயிற்று. வெளியே கூப்பாடு ஏறிக்கொண்டே போனது. கோளாறு தெரிந்துவிட்டதாம், ஆனாலும் ஓட்ட மாட்டேன் என்கிறாளாம் அந்த மேடம் என்று கேட் வரைக்கும் சேதி போய்விட்டது. தனம்மாவின் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான்கு தடவை தொட்டுப் பார்த்து, நான்கு தடவையும் ஈரம் என்று சொல்லி, பகல் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வாங்கி வந்த விசிறியையும் மூடியையும் மாட்டச் சொன்னேன். சுவிட்சைப் போட்டேன். திரையில் நாற்பத்தொன்று. மோட்டார் கிளம்பியது.

முனிரத்னம் டிரைவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒரு கழுவலையும் முடித்து ஓட்டிப் பார்த்துவிட்டு மூன்றரை மணிக்கு வெளியே வந்தேன். தனம்மாவின் வண்டி பழம் கொட்டுகிற மேடையில் நின்றது. தரம் பார்க்கிறவர் கூடை கூடையாகப் பார்த்து, கெட்டியானதை உள்ளே தள்ளினார். குழைந்ததை வண்டிக்கே திருப்பினார். அவர்மேலும் தப்பில்லை, புளித்த பழம் ஒரு கூடை போனால் மொத்தக் கூழும் கெடும். திரும்பி வந்ததுதான் அதிகமாக இருந்தது. டிரெய்லரின் பலகை இடுக்கு வழியாகச் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. தனம்மா இரண்டு கையாலும் நல்ல பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மிஷினு எதனாலக்கா நின்னுச்சு?"

சொன்னேன். ஃப்ரீஸர் குளிரைக் குழாய் போட்டு அதன்மேல் விட்டிருந்தார்கள், குளிர் அதிகமாகி நின்றுவிட்டது என்று.

"ராவும் பகலுமா உட்டாங்களா?"

"ஆமாம்மா."

"அது வாணாம் வாணாம்னு சொல்லியுமா?"

"ஆமா."

அவள் ஆலைச் சுவரைப் பார்த்தாள். தன் வண்டியைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே ஒரு கேட்தான்.

"இந்தாண்ட எங்க பழம் வெந்துகினு இருந்துச்சேக்கா. அந்தக் குளுரை எங்களாண்ட திருப்பி உட்டிருந்தா, அதுவும் ஓடியிருக்கும், நாங்களும் பொழச்சிருப்போமே."

என்னிடம் பதில்கள் இருந்தன. குழாய் அவ்வளவு தூரம் எட்டாது. திறந்த வெளியில் குளிர் நிற்காது. ஒரு வண்டிக்குச் செய்தால் எல்லா வண்டிக்கும் செய்ய வேண்டும். எல்லாம் சரியான பதில்கள்தான்.

"தோணலை தனம்மா" என்றேன். "எங்க யாருக்குமே தோணலை."

"சரி உடுக்கா, உனுக்குப் பஸ்ஸு வந்துடப் போவுது" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

நான் பஸ் ஏறும்போது அவர்கள் வண்டி முன்னால் போய்விட்டிருந்தது. அம்பத்தூரில் என்ன கோளாறு என்று கேட்பார்கள். மின்விசிறி கெட்டிருந்தது, மாற்றியாயிற்று என்பேன். எங்கள் ஊரில் அதோடு பேச்சு முடிந்துவிடும். கிளிமூக்குப் பழம் ஜூஸ் பாட்டிலில் வந்து கடையில் நிற்கும்போது, அது எங்கே வரிசையில் நின்றது என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்ததால் ரோடு நன்றாகத் தெரிந்தது. தார் மேல் பழச்சாறு சொட்டுச் சொட்டாகக் கோடு போட்டுக்கொண்டு போயிருந்தது. டிரைவர் அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். குடிபாலாவில் அந்தக் கோடு ரோட்டை விட்டு இடது பக்கம் மண் பாதையில் திரும்பியது. பஸ் நேரே காட்பாடிக்குப் போயிற்று.